க்ளோவா, க்ளீமா, க்ளிட்டரா? எந்த வெளிச்சத்துக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தை

நான் வீட்டுல இருந்தே புடவை, நகை விக்கிறவங்களுக்கு இங்கிலீஷ்ல விவரம் எழுதிக் கொடுக்குறேன். ஒரு போட்டோவுக்குக் கீழ நாலு வரி, அவ்வளவுதான் வேலை, ஆனா அந்த நாலு வரியில முக்கால்வாசி நேரம் ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் போகும், இது பளபளக்குதா, மின்னுதா, ஜொலிக்குதாங்கிற அந்த ஒரு வார்த்தைக்கு. மூணு வருஷம் முன்னாடி ஆரணியில பட்டு விக்கிற ஒரு அக்காவுக்கு அரக்கு கலர் புடவைக்கு ‘க்ளிஸனிங் சில்க்’னு எழுதிக் கொடுத்தேன். டிக்ஷனரியில ‘பளபளத்தல்’னுதான் போட்டிருந்துச்சு, நம்பிப் போட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அக்கா போன் பண்ணாங்க.

“ஏம்மா, கனடாவுல இருந்து ஒரு பொண்ணு கேக்குது, புடவையில எண்ணெய் ஏதாச்சும் பட்டிருக்கா, இல்ல போட்டோவுக்காக தண்ணி தெளிச்சீங்களான்னு. நீ என்னம்மா எழுதின?”

அந்தப் பொண்ணு அங்கேயே பொறந்து வளந்தது. அது காதுல க்ளிஸன்னு விழுந்தா முதல்ல வர்றது ஈரம். வேர்த்த நெத்தி, பனி விழுந்த புல்லு, கண்ணீர் நிக்கிற கண்ணு, நெய் தடவின தோசை, இதெல்லாம்தான் க்ளிஸன் ஆகும். இங்கிலீஷ்காரங்களே சில சமயம் இந்த வார்த்தையை காஞ்ச சாமானுக்கும் போடுவாங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா விக்கிறதுக்குன்னு எழுதும்போது படிக்கிறவங்க மனசுல முதல்ல என்ன படம் வருதோ அதுதான் கணக்கு. அன்னிக்கு வாங்கின ஒரு நோட்டுப் புத்தகத்துல இந்த வார்த்தைகளை ஒண்ணொண்ணா எழுதி வெச்சுட்டு வர்றேன். அதுல இருந்துதான் இதை எழுதுறேன், கதை எழுதுறவங்க, மொழிபெயர்க்கிறவங்க, பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்குறவங்க யாருக்காவது உதவும்.

பிரச்சினையே நம்ம டிக்ஷனரியிலதான் ஆரம்பிக்குது. ஷைன் பாருங்க, பிரகாசி. க்ளோ பாருங்க, ஒளிர், பிரகாசி. க்ளீம், க்ளிட்டர், க்ளிம்மர், ஷிம்மர் எதைப் பாத்தாலும் பிரகாசி, ஒளிவீசு, மின்னு, இந்த மூணையே சுத்திச் சுத்தி போட்டிருப்பாங்க. அதை வெச்சு எதை எடுக்கிறதுன்னு முடிவு பண்ணவே முடியாது. எனக்கு இது புரிய வந்தது புத்தகத்துல இல்ல, வீட்டு குத்துவிளக்குல. ஒரே ஒரு விளக்கு, ஒரே ஒரு சாயங்காலம், கிட்டத்தட்ட எல்லா வார்த்தையும் அதுக்குள்ள இருக்கு.

வெள்ளிக்கிழமை புளி போட்டு விளக்கைத் தேய்ச்சு கழுவி கவுத்து வெச்சீங்கன்னா, தண்ணி இன்னும் வழிஞ்சுட்டு இருக்கும்போது பித்தளை மேல வர்ற அந்த மினுமினுப்பு க்ளிஸன். வேஷ்டித் துணியால ஈரம் போக அழுத்தித் தொடைச்சு நிமித்தி வெச்சா, ஈரம் இல்ல, ஆனா மழமழன்னு சுத்தமா ஒரு வெளிச்சம் அது மேல அமைதியா நிக்கும் பாருங்க, அது க்ளீம். உச்சியில இருக்கிற அன்னத்தோட மூக்குல ஜன்னல் வெயில் பட்டு நாம நகரும்போது சுரீர்னு ஒரு தடவை கண்ணுல அடிச்சுட்டு மறைஞ்சு போறது க்ளின்ட். அஞ்சு முகமும் ஏத்தினதும், மேல ஃபேன் ஓடுதுன்னா சுடர் அணையுற மாதிரி ஆடி ஆடி எரியும், அது ஃப்ளிக்கர். ஃபேனை நிறுத்திட்டா சுடர் நிமிந்து நிக்கும், அந்த மஞ்ச வெளிச்சத்துல விளக்கோட தண்டு, பின்னாடி சுவரு, முன்னாடி உக்காந்திருக்கிற அம்மா முகம் எல்லாம் உள்ளேயிருந்து வெளிச்சம் வர்ற மாதிரி இதமா இருக்கும். அதுதான் க்ளோ. பக்கத்துல உருளித் தண்ணியில அந்தச் சுடரோட நிழல் நெளிஞ்சு நெளிஞ்சு ஆடுறது ஷிம்மர். குழந்தை பாவாடையில தச்ச ஜமிக்கி அத்தனையும் அவ ஓடும்போது ஒரே நேரத்துல மினுமினுன்னு சிதறுறது க்ளிட்டர். பாட்டி மூக்குத்தி வைரம் பேசும்போதெல்லாம் துள்ளித் துள்ளி மின்னுறது ஸ்பார்க்கிள். திடீர்னு கரண்ட் போயி நீங்க அடுத்த ரூம்ல மாட்டிக்கிட்டா, கதவிடுக்குல மங்கலா தெரியுதே, இருக்கா இல்லையான்னு, அது க்ளிம்மர். கரண்ட் வந்து டியூப்லைட் பட்டுனு எரிஞ்சு கண்ணைக் கூச வைக்குதே, அது முதல்ல ஃப்ளாஷ், அப்புறம் க்ளேர்.

இப்ப பாருங்க, விளக்கு ஒண்ணுதான். வார்த்தையை மாத்தினது என்ன? வெளிச்சம் அதோடதா, இல்ல மேல பட்டுத் திரும்புதா. அசையாம நிக்குதா, ஆடுதா, ஒரு தடவையா, ஓயாமலா. மேல ஈரமா, காஞ்சதா. பாக்க இதமா இருக்கா, உறுத்துதா. இந்தக் கேள்விகளைக் கேட்டுட்டுத்தான் நான் இப்பெல்லாம் வார்த்தையையே தேடுறேன், முதல்ல டிக்ஷனரி திறக்கிறதில்ல.

இதுல ‘அசையுதா நிக்குதா’ங்கிற கேள்விக்கு இங்கிலீஷ் வார்த்தையோட வாலே பதில் சொல்லிடும், இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். க்ளிட்டர், க்ளிம்மர், ஷிம்மர், ஃப்ளிக்கர், இதெல்லாம் ‘அர்’ல முடியுது. ஸ்பார்க்கிள், ட்விங்கிள், டாஸில், இதெல்லாம் ‘இள்’ல முடியுது. பழைய இங்கிலீஷ்ல இருந்து வர்ற இந்த ரெண்டு வாலும் ஒரு வேலை சின்னச் சின்னதா திரும்பத் திரும்ப நடக்குதுன்னு காட்டுறதுக்கு. ஸ்பார்க்னா ஒரு பொறி, ஸ்பார்க்கிள்னா பொறி பொறியா. க்ராக்னா ஒரு வெடிப்பு, க்ராக்கிள்னா சடசடன்னு. பேட்னா ஒரு தட்டு, பேட்டர்னா மழைத்துளி கூரை மேல தட்டிக்கிட்டே இருக்கிறது. வால் இல்லாத ஷைன், க்ளோ, க்ளீம் மூணும் பெரும்பாலும் நின்னு நிதானமா இருக்கும், க்ளின்ட், ஃப்ளாஷ் ரெண்டும் ஒரு தடவை அடிச்சுட்டுப் போயிடும்.

நம்ம மொழியில இதே வேலையை இரட்டைக்கிளவி பாக்குது. பளிச்சுனா ஒரு தடவை, பளபளன்னா விடாம. மின்னல்னா ஒரு வெட்டு, மினுமினுன்னா ஓயாம. அவங்க வால் ஒட்டுறாங்க, நாம வார்த்தையை ரெண்டு தடவை சொல்றோம். அதனால ஒரு காட்சியைப் பாத்ததும் நம்ம வாயில இரட்டைக்கிளவி தன்னால வருதா, ‘பளிச்சு’னு ஒத்தையா வருதான்னு கவனிச்சாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. மினுமினுன்னு வந்தா க்ளிட்டர், மினுக் மினுக்குனு வந்தா க்ளிம்மர், பளிச்சு, பளீர்னு வந்தா ஃப்ளாஷ். பளபளன்னு வரும்போது மட்டும் ஜாக்கிரதை, அது நிக்கிற வெளிச்சத்துக்கும் வரும், க்ளீமா ஷைனான்னு ஒரு நிமிஷம் யோசிக்கணும். ஷிம்மருக்கு மட்டும் நம்மகிட்ட இப்படிக் கச்சிதமா ஒட்டுற இரட்டைக்கிளவி எனக்குக் கிடைக்கல, ‘அலையலையா மின்னுது’ன்னு சுத்தி வளைச்சுத்தான் சொல்ல வேண்டியிருக்கு.

முன்னாடி இருக்கிற ‘க்ள்’ சத்தமும் சும்மா வரல. க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிஸன், க்ளின்ட், க்ளிம்மர், க்ளேர், எல்லாம் வெளிச்சம், கண்ணு சம்பந்தப்பட்டது. இந்த மாதிரி ஒரு சத்தமே ஒரு அர்த்தத்தை ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு ஜே. ஆர். ஃபிர்த்ங்கிற இங்கிலீஷ் மொழியியல் அறிஞர் 1930ல ‘ஃபோனஸ்தீம்’னு பேர் வெச்சார். ‘ஸ்ன்’ல ஆரம்பிக்கிற ஸ்னீஸ், ஸ்னோர், ஸ்னிஃப் எல்லாம் மூக்கைச் சுத்தியே இருக்கு பாருங்க, அதே கதைதான். ‘க்ள்’ல ஆரம்பிக்கிற எல்லாமே வெளிச்சம்னு நினைச்சுடாதீங்க, க்ளவ், க்ளூன்னு கையுறையும் கோந்தும் இருக்கு.

சரி, இனி நான் அடிக்கடி தடுமாறின ஜோடிகளுக்கு வர்றேன்.

ஷைனா க்ளோவா, இதுதான் அதிகம் தப்பாகுறது, அதுவும் முகத்துக்கு எழுதும்போது. தமிழ்ல ‘கல்யாணப் பொண்ணு முகம் பளபளன்னு இருக்கு’ன்னா பாராட்டு. அதையே இங்கிலீஷ்ல ‘ஷைனி ஃபேஸ்’னு எழுதினா எண்ணெய் வடியிற முகம்னு அர்த்தம், பவுடர் போட்டு மறைக்கிற விஷயம் அது. மேக்கப் சாமான் டப்பாவையே பாருங்க, ஷைனை எடுக்குறேன்னு ஒரு டப்பா, க்ளோ கொடுக்குறேன்னு இன்னொரு டப்பா, ரெண்டையும் ஒரே கடை ஒரே அலமாரியில வெச்சு விக்குது. காரணம் இதுதான், ஷைன் மேல்தோல்ல பட்டு அப்படியே திரும்புற வெளிச்சம், க்ளோ உள்ளேயிருந்து வர்ற மாதிரி தோணுற வெளிச்சம். முடிக்கு ஷைன் சரி, ஷூவுக்கு சரி, முகத்துக்கு க்ளோ.

க்ளோவோட உயிர் எங்க இருக்குன்னா கங்குல இருக்கு. எங்க தெருமுனையில தள்ளுவண்டியில இஸ்திரி போடுற அண்ணன் கரிப்பெட்டியோட மூடியைத் திறக்கும்போது நின்னு பாத்திருக்கேன், மேல வெறும் சாம்பல், செத்த நெருப்பு மாதிரிதான் கெடக்கும். ஒரு அட்டையால நாலு விசிறு விசிறுவார், சாம்பல் பறந்து கரியோட வயித்துல இருந்து செவப்பு மெதுவா ஏறி வரும், சுடர் கெடையாது, புகை கெடையாது, கனிஞ்சு நிக்கும். ‘கரி கனிஞ்சிருச்சு’ம்பார். அந்தக் கனியிறதுக்கு இங்கிலீஷ்ல க்ளோதான், வேற எந்த வார்த்தையும் அங்க நிக்காது. சுடர் விட்டு எரிஞ்சா அது ப்ளேஸ் (blaze). ஒரு பொறி தெறிச்சு வெளிய விழுந்தா ஸ்பார்க். ‘தகதக’ன்னு நாம சொல்றது க்ளோவுக்கும் ப்ளேஸுக்கும் நடுவுல இருக்கு, இடம் பாத்து எடுக்கணும்.

ஷைன் ரொம்ப பொதுவான வார்த்தை, தெரியாதப்போ அதைப் போட்டா தப்பாகாது, ஆனா படமும் வராது. இலக்கணத்துல ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க, சூரியன் அடிச்சதுன்னா ‘ஷோன்’, பிரிட்டிஷ்காரங்க அதை ‘ஷான்’னு சொல்லுவாங்க. ஷூவைத் தேய்ச்சு பாலிஷ் போட்டதுன்னா ‘ஷைன்டு’.

அடுத்தது க்ளிட்டரா ஸ்பார்க்கிளா. ரெண்டுமே சிதறிச் சிதறி மின்னுறதுதான். ஆனா க்ளிட்டர்ல ஒரு சந்தேகம் ஒட்டிக்கிட்டே வரும், வெளிப்பகட்டு, உள்ள ஒண்ணுமில்லைங்கிற மாதிரி. ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ன்னு நாம சொல்றதை அவங்க ‘க்ளிட்டர்ஸ்’ போட்டுத்தான் சொல்றாங்க. ஷேக்ஸ்பியர் ‘தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ல எழுதினது உண்மையில ‘க்ளிஸ்டர்ஸ்’, அந்தப் பழைய வார்த்தை வழக்கொழிஞ்சு போனதும் ஜனங்க க்ளிட்டர்ஸ்னு மாத்திக்கிட்டாங்க. அதனால தங்க நகைக்கு க்ளிட்டர் போடுறதை நான் விட்டுட்டேன், படிக்கிறவங்களுக்கு அந்தப் பழமொழிதான் முதல்ல ஞாபகம் வரும். கிராஃப்ட் கடையில விக்கிற மினுமினுப் பொடிக்குப் பேரே க்ளிட்டர், அதுவும் சேந்து வார்த்தையோட மதிப்பை இறக்கிடுச்சு.

ஸ்பார்க்கிள்ல ஒரு துள்ளல் இருக்கு, உயிர் இருக்கு. நாம தீபாவளிக்கு கொளுத்துற கம்பி மத்தாப்புக்கு இங்கிலீஷ்ல ஸ்பார்க்ளர்னுதான் பேரு, அதை மனசுல வெச்சுக்கிட்டா போதும். குமிழ் பொங்குற சோடாத் தண்ணி ஸ்பார்க்ளிங் வாட்டர், சுறுசுறுப்பா சிரிக்க வைக்கிற பேச்சு ஸ்பார்க்ளிங். வைரத்துக்கு இதுதான் வார்த்தை. வைரம் ‘டாலடிக்குது’ன்னு நம்ம வீடுகள்ல சொல்றதுக்கு இதைவிட நெருக்கமா ஒண்ணு கெடையாது. நகைக்கடைக்காரங்க இங்கிலீஷ்ல இன்னும் பிரிப்பாங்க, வெள்ளை வெளிச்சம் திரும்பி வர்றது ப்ரில்லியன்ஸ், வானவில் மாதிரி கலர் கலரா உடையிறது ஃபயர், கல்லை ஆட்டும்போது அங்கங்க அணைஞ்சு அணைஞ்சு மின்னுறது சின்டிலேஷன். வட்டமா பட்டை தீட்டின வைரத்துக்கு 57 இல்ல 58 பட்டை இருக்கும், ஒளியை வளைக்கிற திறனும் அதுக்கு 2.42, சாதாரண கண்ணாடிக்கு சுமார் 1.5தான், அதனாலதான் உள்ள போன வெளிச்சம் சுத்திச் சுத்தி மேல வந்து தெறிக்குது. இன்னொண்ணு சொல்லணும், நம்மூர்ல கல்லோட ஒளியை ‘நீரோட்டம்’னு சொல்வோம் இல்லையா, இங்கிலீஷ்லயும் வைரத்தோட தெளிவுக்கு ‘வாட்டர்’னே பேரு, உசத்தியான வைரம் ‘ஆஃப் தி ஃபர்ஸ்ட் வாட்டர்’. ரெண்டு ஊர்லயும் கல்லுக்குள்ள தண்ணியைப் பாத்திருக்காங்க, எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு இது அழகாத்தான் இருக்கு.

பட்டை தீட்டாம மழமழன்னு இழைச்ச சிவப்புக்கல்லுக்கு ஸ்பார்க்கிள் போட்டீங்கன்னா பொய். அது துள்ளாது, அது உள்ளுக்குள்ள கனியும், க்ளோ போடுங்க. முத்துக்கு ஸ்பார்க்கிளும் வேண்டாம் க்ளிட்டரும் வேண்டாம், முத்துக்குன்னே ‘லஸ்டர்’ இருக்கு. மெல்லிசு மெல்லிசான அடுக்குகளுக்குள்ள வெளிச்சம் போயி போயி திரும்பி வர்றதால வர்ற மென்மையான ஒளி அது.

பட்டுக்கு வர்றேன், எனக்கு சோறு போடுற சமாச்சாரம் இது. பட்டு இழையை குறுக்கா வெட்டிப் பாத்தா மூலை மழுங்கின முக்கோணம் மாதிரி இருக்கும், அதனால வெளிச்சம் ஒரே பக்கமா திரும்பாம பல பக்கம் பிரிஞ்சு வரும். பட்டோட அந்த அடக்கமான ஒளிக்கு ‘ஷீன்’. பெயின்ட் கடையில சுவருக்கு மேட் வேணுமா, ஷீன் வேணுமா, க்ளாஸி வேணுமான்னு கேக்குறாங்களே, அதே வரிசைதான் துணிக்கும். மேட்ல ஒளியே இல்ல, ஷீன்ல மெலிசா, க்ளாஸியில முகம் தெரியிற அளவுக்கு. பாலியஸ்டர் பெரும்பாலும் ‘ஷைனி’, அந்த வார்த்தையை பட்டுக்குப் போட்டா விலை கேக்குறவங்க பாதியாத்தான் கேப்பாங்க. பாவு ஒரு கலர், ஊடை வேற கலர் போட்டு நெய்யிற மயில் கழுத்துப் புடவைக்கு மட்டும் ஷீன் பத்தாது, நடக்கும்போது நீலமும் பச்சையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நழுவும், அங்க ‘ஷிம்மர்’. ஷிம்மருக்கு எப்பவும் ஒரு நெளிவு வேணும், நிலா வெளிச்சத்துல குளம், மத்தியானம் தார் ரோட்டு மேல நெளியிற கானல், எல்லாம் ஷிம்மர். ரோட்டை ஒட்டுன காத்து சூடாகி, மேல இருக்கிற காத்தைவிட லேசாகி, அதுக்குள்ள வர்ற வெளிச்சம் வளைஞ்சு வளைஞ்சு வர்றதாலதான் அந்த நெளிவு. ஜரிகைக்கு நான் க்ளீம் போடுவேன், ப்யூர் ஜரிக்கு அது கச்சிதமா ஒக்காரும். டெஸ்டட் ஜரி, அதாவது அசல் இல்லாத ஜரிகை, கொஞ்சம் கூடுதலாவே மின்னும், அதுக்கு க்ளிட்டர்னு எழுதினா விக்கிறவங்களுக்குப் பிடிக்காது, ஆனா அதுதான் நெசம், அந்த மாதிரி நேரத்துல வெறும் ‘ப்ரைட்’னு எழுதி நகந்துடுவேன்.

ட்விங்கிள் நட்சத்திரத்துக்கு. 1806ல ஜேன் டெய்லர் எழுதின அந்தக் குழந்தைப் பாட்டு எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம், அதனால இங்க யாரும் தடுமாறுறதில்ல. ஆனா ஒரு நுணுக்கம், நட்சத்திரம் ரொம்ப தூரத்துல ஒரு புள்ளியா தெரியிறதால நடுவுல ஆடுற காத்து அந்த ஒத்த வெளிச்சத்தை அலைக்கழிக்கும், கிரகம் சின்ன வட்டா தெரியிறதால பெரும்பாலும் ஆடாது. அதனால சாயங்காலம் மேக்கால தெரியிற வெள்ளி ட்விங்கிள் ஆகுதுன்னு எழுதாதீங்க, அது ஷைன்.

மின்மினிக்கும் இப்படி ஒரு பிரிவு உண்டு. அவங்க ஊர்ல ‘க்ளோ வொர்ம்’னு ஒண்ணு இருக்கு, புழு கெடையாது, மின்மினிக் குடும்பத்து வண்டுதான், ரெக்கை இல்லாத பொட்டை புல்லுல உக்காந்து பச்சையா நிதானமா ஒளிவிடும், அதனாலதான் பேர்லயே க்ளோ. பறந்துட்டே விட்டு விட்டு மின்னுற நம்ம மின்மினிக்கு ஃப்ளாஷ் சரி. ஆனைமலை புலிகள் காப்பகத்துல மரம் மரமா ஒரே தாளத்துல அணைஞ்சு எரியுதே, அதுக்கும் ஃப்ளாஷ்தான், க்ளோன்னு போட்டா அந்தத் தாளமே செத்துடும்.

க்ளேரையும் டாஸிலையும் சீக்கிரம் சொல்லிடுறேன். ரெண்டுமே கண்ணைக் கூச வைக்கும். க்ளேர் எப்பவும் தொந்தரவு, எதிர்ல டிம் பண்ணாம வர்ற லாரி, கம்ப்யூட்டர் ஸ்கிரீன், அதனாலதான் ‘ஆன்ட்டி க்ளேர்’ கண்ணாடி வாங்குறோம். டாஸில்ல கண்ணு கூசினாலும் மனசு மயங்கும், பாராட்டாவும் வரும். ‘டேஸ்’ (daze) ங்கிற வார்த்தையில இருந்து வந்தது அது, திகைக்க வைக்கிறதுன்னு அர்த்தம். முதல் உலகப் போர்ல, 1917ல, நார்மன் வில்கின்சன்ங்கிற பிரிட்டிஷ் ஓவியர் கப்பல் மேல கறுப்பு, வெள்ளை, நீலம்னு எடுப்பான கலர்கள்ல கோணல்மாணலா பட்டை பட்டையா பெயின்ட் அடிக்கச் சொன்னதுக்கு ‘டாஸில்’னு பேரு. கப்பலை ஒளிச்சு வைக்கிறதுக்கில்ல, அது எந்தப் பக்கம் போகுதுன்னு நீர்மூழ்கியில இருக்கிறவன் கண்ணைக் குழப்புறதுக்கு. வெளிச்சமே இல்லாம டாஸில் ஆகும்ங்கிறது இதுல தெரியும்.

கதை எழுதுறவங்களுக்கு இத்தனை வார்த்தையும் ரொம்ப வேலை செய்யிற இடம் கண்ணு. இங்க வெளிச்சத்தை விட குணம்தான் முக்கியம், ஒரு வார்த்தை மாறினா ஆளே மாறிடுவான். தாத்தா குறும்பா சிரிச்சுக்கிட்டு பேரனுக்கு ரகசியமா மிட்டாய் கொடுக்கும்போது கண்ணு ட்விங்கிள் ஆகும். சேதி கேட்டு துள்ளுற பொண்ணுக்கு ஸ்பார்க்கிள். அழுகை முட்டிக்கிட்டு நிக்கிறவங்களுக்கு க்ளிஸன், கண்ணீர் இன்னும் விழல, அந்த நிலை. பணக்கட்டைப் பாத்த வட்டிக்காரன் கண்ணுக்கு க்ளீம் போட்டீங்கன்னா ஆசை தெரியும், க்ளின்ட் போட்டீங்கன்னா அவன் ஏதோ திட்டம் வெச்சிருக்கான்னு தெரியும், கத்தி முனை மேல படுற வெளிச்சம் இல்லையா அது, அந்தக் கூர்மை அப்படியே கூட வரும். க்ளிட்டர் கண்ணுல வந்தா நல்லதுக்கில்ல, ஜுரமோ குரோதமோ. சுருக்குனு கோவம் வந்து போனா ஃப்ளாஷ், கோவத்தோட முறைச்சுக்கிட்டே இருந்தா க்ளேர். நம்ம கதைகளை இங்கிலீஷுக்குக் கொண்டுபோறவங்க இங்கதான் ‘ஹர் ஐஸ் ஷோன்’னு ஒரே வார்த்தையில எல்லாப் பாத்திரத்தையும் முடிச்சுடுறாங்க. படிக்கும்போது எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கும், மூலத்துல ‘கண்ணு கலங்கி மினுங்குச்சு’ன்னு இருக்கும், அந்தக் கலங்கினது அப்படியே காணாமப் போயிருக்கும். நாலு எழுத்து கூட எழுதினா போதும், க்ளிஸன்டு, கண்ணீர் திரும்பி வந்துடும்.

நம்பிக்கைக்கு க்ளிம்மர்தான் வழக்கம், ‘எ க்ளிம்மர் ஆஃப் ஹோப்’, மங்கலா, ஆடிக்கிட்டு, போயிடுமோன்னு பயமா. வோல்டேஜ் இல்லாம பல்பு அழுது வடியுதுன்னு சொல்வோமே, அந்த வெளிச்சம். ஃப்ளிக்கர் போட்டா அது இன்னும் மோசம், ஒரு கணம் தெரிஞ்சு உடனே போனது.

கடைசியா விசேஷண ரூபம், அதாவது வார்த்தையோட கடைசியில ‘இ’யோ ‘இங்’கோ சேக்கும்போது குணம் மாறுறது, இதுல நான் இன்னொரு தடவை அடிபட்டிருக்கேன். கோயில் நகை செட் ஒண்ணுக்கு, பளிச்சுனு இருக்குங்கிற அர்த்தத்துல ‘ஃப்ளாஷி’ன்னு எழுதிட்டேன். ஃப்ளாஷ் வெறும் மின்னல், ஃப்ளாஷின்னா மட்டமான பகட்டு. நல்லவேளை போடுறதுக்கு முன்னாடியே ஒரு டீச்சர் பாத்துச் சொன்னாங்க. அதே மாதிரி ‘க்ளேரிங்’ பெரும்பாலும் தப்பைச் சுட்டிக்காட்டத்தான், க்ளேரிங் மிஸ்டேக்னா அப்பட்டமான தப்பு. ‘க்ளோயிங்’ எப்பவும் நல்லது, க்ளோயிங் ரிவ்யூன்னா மனசாரப் பாராட்டினது. ‘ஷைனிங் எக்ஸாம்பிள்’ உயர்ந்த முன்மாதிரி, ஆனா ‘ஷைனி’ன்னு மாத்தினா பளபள சாமான். ஒரே வேரு, ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

ஆரணி அக்காவோட அந்த அரக்குப் புடவைக்கு அப்புறம் ‘எ டீப், சாஃப்ட் ஷீன்’னு மாத்தி எழுதிக் கொடுத்தேன், அதுக்கப்புறம் யாரும் எண்ணெயைப் பத்திக் கேக்கல. இப்ப மேசை மேல அவங்க அனுப்பின இன்னொண்ணு கெடக்கு, மயில் கழுத்து, ஒடம்பு பூரா சின்னச் சின்ன ஜரிகை புட்டா. காலையில இருந்து ஜன்னல்கிட்ட கொண்டுபோய் விரிக்கிறேன், மடிக்கிறேன், திரும்ப விரிக்கிறேன். ஒடம்புக்கு ஷிம்மர், அதுல சந்தேகமில்ல. பார்டருக்கு க்ளீம். புட்டாவுக்குத்தான் க்ளிட்டரா ஸ்பார்க்கிளான்னு ரொம்ப நேரம் நின்னேன், அப்புறம் முந்தானையைக் கையில எடுத்து மெதுவா திருப்பிப் பாத்தா எல்லாம் ஒண்ணா மின்னல, மடிப்பு திரும்பத் திரும்ப ஒண்ணு மின்னி அணைஞ்சதும் அடுத்தது மின்னுது. க்ளின்ட்னு போட்டிருக்கேன்.